புதுப்பிப்பு: எம்ஆர்என்ஏ குறைந்தும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் குறையாதது ஏன்?

நரம்பணு வளர்ப்பில் எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதத்தை உருவாக்கும் செய்தியான எம்ஆர்என்ஏவைச் சிதைக்கும் சிறு ஆர்என்ஏ) செலுத்தி 48 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, எம்ஆர்என்ஏவை அளக்கும் க்யூபிசிஆரில் சிடி மதிப்பு (சமிக்ஞை தென்படத் தேவைப்படும் சுழற்சிகளின் எண்ணிக்கை) 2 சுழற்சிகள் தள்ளிப்போய், எம்ஆர்என்ஏ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும், புரதத்தை ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதப் பட்டை சற்றும் மங்கவில்லையே என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ஆன்டிபாடியை மாற்றியதில் பயனில்லை. கைகொடுத்தது, எஸ்ஐஆர்என்ஏவால் புரதம் குறைக்கப்படாத கட்டுப்பாட்டு மாதிரியையே படிப்படியாக நீர்த்து ஓட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான். 30, 15, 7.5, 3.75 மைக்ரோகிராம் என ஏற்றியபோது முதல் இரண்டு பட்டைகளும் ஒரே கறுப்பாக இருந்தன. அதாவது, நான் வழக்கமாக ஏற்றிவந்த 30 மைக்ரோகிராமில் புரதம் பாதியாகக் குறைந்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. 5 மைக்ரோகிராமுக்கு இறக்கி, படமெடுக்கும் நேரத்தையும் சுருக்கிய பிறகு, சுமார் 40 விழுக்காடு குறைவு தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே உருவான புரதம் சிதையக் காலம் தேவை என்று ஒருவர் எழுதியதும் சரியே: 96 மணி நேரத்தில் குறைவு ஏறக்குறைய 65 விழுக்காட்டை எட்டியது.

எதிர்பாராதது ஒன்று: ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பீட்டா-ஆக்டின் (எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் இருக்கும் என்று கருதப்படும் புரதம்) 5 மைக்ரோகிராமிலும் கறுப்பின் உச்சத்தில்தான் நின்றது. அதை நம்பிச் சமன்செய்த என் பழைய படங்களை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இப்போது புரதங்கள் மாற்றப்பட்ட சவ்வை, எல்லாப் புரதங்களையும் நிறமேற்றும் பொன்சோ எஸ் சாயத்தில் நனைத்து, மொத்தப் புரதத்தைக் கொண்டே சமன்செய்கிறேன்; தனித்தனியாகத் தொடங்கிய மூன்று வளர்ப்புகளிலும் முடிவு ஒத்துப்போகிறது.