பிரிக் ரயில் கட்டுபவர்கள்: வளைவில் என்ன செய்தீர்கள்?

பெரம்பூர்_ஷெட்:

லெகோவில் நம்ம ஊர் ரயில் கட்டிப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

பெட்டி கட்டுவது பெரிய வேலையில்லை. எல்லாவற்றையும் தீர்மானிப்பது வளைவுதான். செட்டோடு வரும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 ஸ்டட். ஸ்டட் என்பது பிரிக் மேல் இருக்கும் குமிழ்; ஒரு ஸ்டட் அளவு 8 மில்லிமீட்டர், ஆக 32 சென்டிமீட்டர். 16 துண்டு சேர்த்தால் முழு வட்டம், சாப்பாட்டு மேசையிலேயே அடங்கிவிடும். கடையில் வரும் சாதாரண வண்டிகள் ஆறு ஸ்டட் அகலத்தில், குட்டிப் பெட்டிகளோடு இருப்பதால் அந்த வளைவில் முரண்டு பிடிக்காமல் ஓடும். நமக்கு வேண்டியது ஐசிஎஃப் பெட்டி, அதாவது பெரம்பூர் கோச் ஃபேக்டரியின் பழைய நீலப் பெட்டி. அங்கேதான் வம்பு.

லெகோ தண்டவாளங்களுக்கு இடையே 37.5 மி.மீ., நம் அகலப் பாதையில் 1676 மி.மீ. வகுத்தால் கிட்டத்தட்ட 45-ல் ஒரு பங்கு. ஐசிஎஃப் பெட்டி 21.3 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் சொச்சம் அகலம். அதே கணக்கில் சுருக்கினால் 59 ஸ்டட் நீளம், 9 ஸ்டட் அகலம் வரும். போகிக்குப் போகி (பெட்டியின் அடியில் இருக்கும் சக்கரச் சட்டம்) 41 ஸ்டட். இதை 40 ஸ்டட் வளைவில் நிறுத்தினால் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாக ஐந்தரை ஸ்டட் தள்ளி நிற்கும், இரண்டு முனைகளும் வெளிப்பக்கமாக ஐந்து ஸ்டட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவை ஒட்டி சிக்னல் கம்பம்கூட நட முடியாது.

வெளியே வேறு கம்பெனிகள் 56, 72, 88, 104 ஸ்டட் ஆரத்தில் தண்டவாளம் விற்கிறார்கள். 104 போட்டால் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளுவது இரண்டு ஸ்டட்டாகக் குறைந்துவிடும், பார்க்க நிஜ ரயில் மாதிரியே இருக்கும். ஆனால் வட்டத்தின் குறுக்களவே 166 சென்டிமீட்டர். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டில் ஹாலை ரயிலுக்கு எழுதிக்கொடுக்க வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் நான் பெட்டியைத்தான் வெட்டினேன்: 8 ஸ்டட் அகலம், 42 ஸ்டட் நீளம், போகிகளுக்கு இடையே 28. இப்போது உள்பக்கம் தள்ளுவது இரண்டரை ஸ்டட்தான். மூன்றில் ஒரு பங்கு ஜன்னல் போச்சு, பரவாயில்லை. ஆள் பார்த்ததும் "ஏய், இது நம்ம பழைய நீலப் பெட்டி" என்று சொன்னால் போதும்.

ஜன்னல் கம்பிக்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு ஸ்டட்டுக்கு இரண்டு ஸ்டட் அளவில் கிரில் டைல் இருக்கிறதே, கோடு கோடாக, அதை அடர்சாம்பல் நிறத்தில் வாங்கி, பிராக்கெட் வைத்துப் பக்கவாட்டில் படுக்கையாகப் பொருத்தினால் செகண்ட் கிளாஸ் ஜன்னல் அப்படியே வந்துவிடுகிறது. கண்ணாடி ஜன்னலைவிட இதுதான் ஒட்டுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், கோச் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தவர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கக்கூஸ் ஜன்னல் எங்கப்பா?" என்றார். அப்புறம் உட்கார்ந்து, கூரையில் காற்றுப்போக்கி எங்கெங்கே வரும், அடியில் பேட்டரிப் பெட்டி எங்கே தொங்கும் என்று தாளில் வரைந்து காட்டினார். டீ ஆறிப்போனது. இப்போது என் பெட்டியில் நான்கு மூலையிலும் சின்ன வெள்ளை ஜன்னல் இருக்கிறது.

பல்சக்கரம்:

வளைவு உங்கள் தலைவலி, ஏற்றம் என்னுடையது.

நான் கட்டியது நீலகிரி மலை ரயில். அங்கே மேட்டுப்பாளையம் பக்கம் கல்லாறில் இருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, ஏற்றம் 12-க்கு 1. இதை லெகோவுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நேர்த் தண்டவாளம் 128 மி.மீ. நீளம். ஒவ்வொரு துண்டுக்கும் கிட்டத்தட்ட 10.7 மி.மீ. ஏற வேண்டும், அதாவது ஒரு பிரிக் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே. சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தும் என் ரயில் மோட்டார் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக், பிடிப்பு எங்கிருந்து வரும்?

சரி, நிஜத்தில் என்ன செய்தார்களோ அதையே செய்வோம் என்று தண்டவாளத்தின் நடுவே கியர் ரேக் துண்டுகளை (பல் வைத்த நேர்ப் பட்டைகள்) வரிசையாகப் போட்டேன். எஞ்சின் வயிற்றில் கியர். அப்போதுதான் ஸ்விட்சர்லாந்தில் செய்த எக்ஸ் கிளாஸ் எஞ்சினுக்கு ஏன் நான்கு சிலிண்டர் என்று புரிந்தது. இரண்டு சிலிண்டர் சாதாரண சக்கரங்களுக்கு, மற்ற இரண்டு பல்சக்கரத்துக்கு. ஒரே மோட்டாரில் இரண்டையும் இணைத்தால் சக்கரம் ஒரு வேகத்தில் போகும், கியர் இன்னொரு வேகத்தில் போகும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வண்டி உதறும். எனக்கு இரண்டு மோட்டாருக்கு இடமில்லை. அதனால் சக்கரங்களைச் சும்மா உருளவிட்டு, கியரை மட்டும் ஓட்டினேன். ஏறுகிறது. மெதுவாக, ஆனால் ஏறுகிறது.

கோவையில் ஒரு பள்ளி விழாவில் இதை வைத்திருந்தபோது வந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் திருத்தினார்கள்: "சார், எஞ்சினைப் பின்னாடி மாட்டியிருக்கீங்க." ஒரு சின்னப் பையன் மட்டும், "மலை ஏறும்போது எஞ்சின் கீழேதான் இருக்கணும், கப்ளிங் அறுந்தாலும் பெட்டி உருண்டு ஓடாது" என்று பக்கத்தில் நின்றவருக்கு விளக்கினான். ஊட்டி போய்வந்த பிள்ளையாக இருக்க வேண்டும். அன்று முழுக்க அவனையே பதில் சொல்லவிட்டேன், நான் போய் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சாம்பல்தண்டவாளம்:

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் அட்டைப் பெட்டி நிறைய 12 வோல்ட் தண்டவாளம் கிடைத்தது. 1980-ல் வந்த சாம்பல் நிறத் தொகுதி. தண்டவாளம் தனி, குறுக்கே போடும் ஸ்லீப்பர் கட்டை தனி, ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். நடுவில் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு ஜோடிப் பட்டை ஓடும். சுவரில் செருகும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு குமிழ், திருப்பினால் வேகம். பேட்டரி கிடையாது, போன் கிடையாது. விற்ற அம்மா பணத்தை வாங்குவதற்கு முன்னால் ஒரு பாயிண்டை, அதாவது லைன் பிரியும் துண்டை, கையில் எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே லைனை மாற்றுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மகனுடையதாம். 1991-ல் வந்த 9 வோல்ட் தொகுதியில் மின்சாரம் தண்டவாளத்திலேயே ஓடியது, 2006-க்குப் பிறகு பேட்டரி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு வசதி கூடியது, ஓட்டும் சுகம் குறைந்தது என்பது என் கட்சி. இப்போதுள்ள புளூடூத் ஹப்பில், அதாவது மோட்டாரை இயக்கும் பேட்டரிப் பெட்டியில், ஆறு சின்னப் பேட்டரி போட்டு, போனைத் தேடி எடுத்து, இணைத்து... அதற்குள் அந்தப் பழைய வண்டி இரண்டு சுற்று வந்துவிடும்.

பாலக்கரை:

@பெரம்பூர்_ஷெட், WAP-7 மின்சார எஞ்சின் கட்ட ஆசை. அதன் போகிக்கு மூன்று அச்சு. லெகோ மோட்டாரில் இரண்டுதான். மூன்றாவது அச்சைச் சேர்த்தால் 40 வளைவில் தடம் புரள்கிறது. என்ன செய்ய? கூடவே இன்னொன்று, பெட்டி ஏழெட்டு சேர்ந்தால் காந்தக் கப்ளிங் விட்டுவிடுகிறது.

பெரம்பூர்_ஷெட்:

@பாலக்கரை, மூன்றாவது அச்சைப் போடவே போடாதீர்கள். இரண்டு அச்சு மோட்டாரை உள்ளே வைத்து, வெளியே தெரியும் பக்கச் சட்டத்தை மூன்று சக்கரத்துக்குக் கட்டுங்கள். நடுச் சக்கரம் வெறும் கறுப்பு வட்ட டைல், தண்டவாளத்தைத் தொடவே தொடாது. இரண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது.

காந்தம் விடுவது பெரும்பாலும் பெட்டிகளின் எடையால். கூரையையும் சுவரையும் தட்டையான பிளேட்டுகளில் கட்டி, உள்ளே காலியாக விடுங்கள். எடை வேண்டிய இடம் எஞ்சின்தான். பேட்டரி ஹப்பை மோட்டாருக்கு நேர் மேலே வைத்தால் ரப்பர் வளையம் அழுந்திப் பிடிக்கும். அந்த வளையத்தில் தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், பாதி வழுக்கல் போய்விடும். ஒரு மோட்டார் போதாவிட்டால் பின்பக்கப் போகிக்கும் ஒன்று.

பாகங்களை மொத்தமாக வாங்குவதற்கு முன் ஸ்டூடியோ என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் முழு வண்டியையும் கட்டிப் பாருங்கள், அது இலவசம். பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனதற்குப் பிறகு, வேண்டாத நிறத்தில் நூறு பிளேட் வாங்கி வைப்பது கட்டுப்படியாகாது. கைவசம் வெள்ளையும் சிவப்பும் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள், முகப்பை அதற்குள் எப்படி முடிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.