புதுப்பிப்பு: லேசர் எழுத்தில் வந்த துரு

துருப்பிடிக்காத எஃகு பாகங்களில் லேசரால் அடித்த தொடர் எண்கள் மீது பழுப்புக் கறை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். உலோகத்தைச் சந்தேகித்தேன். தப்பு. எழுத்து நன்றாகக் கறுக்கட்டும் என்று பவரை ஏற்றியதுதான் வினை. அந்தச் சூட்டில், மேற்பரப்பைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் கெட்டுவிட்டது.

இப்போது அதே 1064 நானோமீட்டர் ஃபைபர் லேசரில் குவியத்தைக் கொஞ்சம் விலக்கி, செதுக்காமல் நிறம் மட்டும் மாறும்படி அடிக்கிறோம். அப்புறம் சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன், அதாவது அந்தக் காக்கும் படலம் மறுபடி உருவாக அமிலத்தில் முக்குவது. முதலில் நைட்ரிக்கில் முக்கிப் பார்த்தோம். துரு நின்றது, கூடவே எழுத்தும் மங்கிப்போனது! சிட்ரிக்கிலும் லேசாக வெளிறத்தான் செய்கிறது, ஆனால் ஸ்கேனர் படித்துவிடுகிறது. உப்புநீர்த் தெளிப்புச் சோதனையில் இதுவரை கறை இல்லை.

பிகோசெகண்ட் லேசர் (மிகக் குறுகிய துடிப்புகளால், உலோகத்தை அதிகம் சூடாக்காமல் அடிப்பது) வாங்கச் சொன்னவர்களுக்கு: ஆசைதான், பட்ஜெட் இல்லை.