ஹூ, விச், தட்: ஆங்கிலத் தொடரில் எதை எங்கே எழுதுவது?

கேள்வி

வணக்கம். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் அன்றாட வேலை. பள்ளியில் ரிலேட்டிவ் ப்ரோனவுன் பாடத்தில் "ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட்" என்று கற்றுக்கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் இன்றுவரை எழுதி வருகிறேன். ஆனால் என் கடிதங்களைத் திருத்தும் மேலாளர் ஓரிடத்தில் விச் என்பதை அடித்துவிட்டுத் தட் என்கிறார். அடுத்த பத்தியிலேயே தட் என்பதை அடித்து விச் ஆக்குகிறார். இரண்டு இடங்களிலும் பேசப்படுவது பொருள்தான், ஆள் அன்று. அண்மையில் திருத்தப்பட்ட தொடர் இது: "தி பில்ஸ் விச் ஹேட் நோ சீல் வேர் ரிட்டர்ன்ட்". இதில் விச் தவறா? தவறென்றால் எந்த விதிப்படி? ஆள், பொருள் என்பதைத் தவிர வேறெதைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆங்கில ஆசிரியர்

தங்கள் தொடர் தவறன்று. ஆனால் மேலாளர் எதைக் கருதித் திருத்துகிறார் என்பதை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் கணக்குக் கடிதத்தில் அந்த வேறுபாடு பணத்தையே தொடும்.

அதே தொடரைக் காற்புள்ளி இல்லாமலும், பில்ஸ் என்பதற்குப் பின்னும் சீல் என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இட்டும் எழுதிப் பாருங்கள். காற்புள்ளி இல்லாதபோது, முத்திரை இல்லாத பில்கள் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டன, மற்றவை ஏற்கப்பட்டன என்பது பொருள். காற்புள்ளி இட்டால், எல்லாப் பில்களும் திருப்பி அனுப்பப்பட்டன, அவற்றில் எதிலும் முத்திரை இல்லை என்று பொருள் மாறிவிடும். முதல் வகை, எந்தப் பில் என்று பிரித்துக் காட்டுகிறது. இரண்டாம் வகை, முன்பே தெரிந்த ஒன்றைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்கிறது. தமிழில் "சென்னையில் இருக்கும் என் அண்ணன்" என்று எழுதும்போது, எனக்கு ஓர் அண்ணனா, பல அண்ணன்மார்களா என்பதை அத்தொடரே காட்டிவிடுவதில்லை. சூழலைக் கொண்டு உணர்கிறோம். ஆங்கிலம் அதைக் காற்புள்ளியைக் கொண்டு காட்டுகிறது. ஆகவே சொல்லைத் தேர்வதற்கு முன் காற்புள்ளியைத் தீர்மானியுங்கள்.

காற்புள்ளிக்குப் பின் வரும் கூடுதல் செய்தியில் இன்றைய ஆங்கிலம் தட் என்பதை ஏற்பதில்லை. அங்கே பொருளுக்கு விச், ஆளுக்கு ஹூ. இதில் ஏறத்தாழ எல்லோரும் உடன்படுகிறார்கள். காற்புள்ளி இல்லாத, பிரித்துக் காட்டும் பகுதியில் தட் மட்டுமே வர வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில், பிரித்துக் காட்டுவதற்குத் தட், கூடுதல் செய்திக்கு விச் என்று எழுத்தாளர்கள் பங்கிட்டுக்கொண்டால் தெளிவு கூடும் என்று பரிந்துரைத்தார். ஆனால் பெரும்பாலோரும் சிறந்த எழுத்தாளர்களும் அவ்வாறு எழுதுவதில்லை என்பதையும் அவரே அங்கு ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அந்தப் பரிந்துரையை விதியாகவே எடுத்துக்கொண்டனர். பிரித்தானியர் இரண்டையும் இன்றும் தடையின்றி எழுதுகின்றனர். தங்கள் மேலாளர் அமெரிக்க மரபைப் பின்பற்றுகிறார் என்று தோன்றுகிறது. அதைப் பின்பற்றுவதால் இழப்பு ஒன்றும் இல்லை. பின்பற்றாததைப் பிழை என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்ற பங்கீடும் எப்போதும் இருந்ததன்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் கர்த்தருடைய ஜெபம் "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" என்றே தொடங்குகிறது.

மறுமொழி 2: தமிழ் இலக்கணம் கற்பிப்பவர்

ஆசிரியர் காற்புள்ளியைப் பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆயினும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் மிகுதியாகக் காணும் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னால் நிற்கும் பெயர் ஆளா, பொருளா என்று பார்த்துவிட்டுச் சொல்லை இட்டுவிடுகிறோம். பின்னால் வரும் பகுதிக்குள் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. தேர்வு முக்கியமாக அமைவது அங்கேதான்.

இதற்கு நம் இலக்கணமே காரணத்தைக் காட்டுகிறது. பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப்படும் என்கிறது நன்னூல். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல், உண்ட நாள், உண்ட சோறு என்று எது வந்தாலும் "உண்ட" என்ற சொல் மாறுவதில்லை. சாத்தன் உண்டான், கலத்தில் உண்டான், சோற்றை உண்டான் என்ற உறவுகளை எல்லாம் படிப்பவர் மனமே நிரப்பிக்கொள்கிறது. ஆங்கிலம் அந்த உறவு ஒவ்வொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டிய மொழி: தி மேன் ஹூ ஏட், தி பிளேட் ஃப்ரம் விச் ஹி ஏட், தி ஹவுஸ் வேர் ஹி ஏட், தி டே வென் ஹி ஏட், தி ரைஸ் தட் ஹி ஏட். நமக்கு ஒரே சொல்லாக இருப்பது அங்கே ஐந்து வடிவம் எடுக்கிறது.

"நான் எழுதும் பேனா" என்று தமிழில் நினைத்துக்கொண்டு "தி பென் விச் ஐ ரைட்" என்று எழுதுகிறவர், பேனாவால் எழுதுகிறோம் என்பதில் உள்ள "ஆல்" உருபைத் தமிழில் சொல்லத் தேவையில்லாததால் ஆங்கிலத்திலும் விட்டுவிடுகிறார். அங்கே "வித்" வந்தே தீர வேண்டும்: தி பென் வித் விச் ஐ ரைட், அல்லது தி பென் தட் ஐ ரைட் வித். அந்த முன்னிடைச்சொல்லை முன்னால் கொண்டுவந்தால் அதன் பின் விச் அல்லது ஹூம் மட்டுமே வரும்; "வித் தட்" என்று ஒருபோதும் வராது.

ஆகவே நான் மாணவர்களிடம் சொல்லும் வழி இதுதான். முதலில் பின்பகுதியைத் தனித் தொடராக, உருபுகளோடு, தமிழில் முழுமையாகச் சொல்லிப் பாருங்கள்: "பேனாவால் எழுதுகிறேன்", "அந்த அலுவலரிடம் படிவத்தைக் கொடுத்தேன்", "அந்தக் கடையினுடைய உரிமம் முடிந்துவிட்டது". எந்த உருபு வெளிப்படுகிறதோ அதுவே ஆங்கிலச் சொல்லைத் தீர்மானிக்கும். உருபே இல்லாத எழுவாயாக இருந்தால் ஹூ, விச், தட். ஐ உருபு வந்தால் ஹூம், விச், தட், அல்லது எதுவுமே இல்லாமலும் எழுதலாம். "தி லெட்டர் யூ சென்ட்" என்பது முற்றிலும் சரியான ஆங்கிலம். உடைய என்று வந்தால் ஹூஸ்.

"வாட்" என்ற சொல்லும் இதனுடன் சேர்ந்து குழப்பம் தருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். "எவ்ரிதிங் வாட் ஹி செட்" என்று எழுதுவது பிழை. "அவர் சொன்னது" என்ற வினையாலணையும் பெயருக்கு நிகரானது வாட். தனக்கு முன் வேறொரு பெயர் நிற்க அது இடம் கொடுக்காது. "அவர் சொன்ன எல்லாம்" என்று பெயரெச்சமாக வரும்போது "எவ்ரிதிங் தட் ஹி செட்" என்றே எழுத வேண்டும். ஆல், எவ்ரிதிங், நத்திங் போன்ற சொற்களுக்கும், மிக உயர்ந்த, மிகச் சிறந்த என்ற பொருள் தரும் சொற்களுக்கும் பின் விச் என்பதைவிடத் தட் என்பதே இயல்பாக ஒலிக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உருபைச் சொல்லிப் பார்க்கும் முறை எனக்கு உடனே கைகொடுக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. தணிக்கையாளர் ஒருவரைக் குறித்து "தி ஆடிட்டர் ஹூம் வி பிலீவ் இஸ் ரெஸ்பான்சிபிள்" என்று எழுதினேன். நாங்கள் "அவரை" நம்புகிறோம் என்று ஐ உருபு வருவதால் ஹூம் சரிதானே? மேலும், ஹூஸ் என்பதை ஆட்களுக்கு மட்டும்தான் எழுத வேண்டும் என்று ஓர் உடன்பணியாளர் சொல்கிறார். கடைக்கும் நிறுவனத்துக்கும் அதை எழுதலாமா?

மறுமொழி 3: ஆங்கில ஆசிரியர்

முதல் தொடரில் ஹூ என்பதே சரி. "வி பிலீவ்" என்பது நடுவில் வந்து நிற்கும் இடைச்செருகல். அதை எடுத்துவிட்டுப் படியுங்கள்: தி ஆடிட்டர் ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள். இஸ் என்ற வினைக்கு எழுவாய் தேவைப்படுகிறது. ஹூம் எழுவாயாக நிற்காது. தமிழிலும் "அவர் பொறுப்பாளர் என்று நம்புகிறோம்" என்பதுதான் கருத்து, "அவரை நம்புகிறோம்" என்பதன்று. "தி ஆடிட்டர் ஹூம் வி மெட்" என்று எழுதினால், அவரைச் சந்தித்தோம் என்ற பொருளில், ஹூம் பொருந்தும். பேச்சில் அங்கேயும் ஹூ என்றே பலர் சொல்கிறார்கள். அலுவலகக் கடிதத்தில் ஹூம் எழுதுங்கள். முன்னிடைச்சொல்லை அடுத்து வரும்போது அதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஹூஸ் என்பதைப் பொருள்களுக்கு எழுதுவது நெடுங்கால வழக்கு. "எ ஷாப் ஹூஸ் லைசென்ஸ் ஹேஸ் எக்ஸ்பயர்ட்" என்பதில் குறை எதுவும் இல்லை. அதைத் தவிர்ப்பதற்காக "தி லைசென்ஸ் ஆஃப் விச்" என்று சுற்றி எழுதினால் தொடர் கனத்துப்போகும். தங்கள் உடன்பணியாளர் அதை விரும்பினால் எழுதட்டும், தாங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: உடைமையைக் குறிக்கும் ஹூஸ் என்ற சொல்லின் நடுவில் மேற்குறி வராது. மேற்குறி இட்டால் அது "ஹூ இஸ்" என்பதன் சுருக்கமாகிவிடும்.