கலைச்சொல் விவாதம்: என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் ஃபிரேம்வொர்க் – எல்லாமே ‘கட்டமைப்பு’தானா?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் பணிகளும் மென்பொருள்களும் தரவும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் விதத்தைச் சொல்லும் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. தலைப்பிலேயே சிக்கல். ஸ்ட்ரக்சர், ஆர்க்கிடெக்சர், ஃபிரேம்வொர்க் மூன்றுக்கும் ‘கட்டமைப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம், இன்ஃபிராஸ்ட்ரக்சர் ‘உள்கட்டமைப்பு’. இந்தக் கணக்கில் கையேட்டின் பெயர் ‘நிறுவனக் கட்டமைப்புக் கட்டமைப்பு’ என்று வந்து நிற்கிறது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: ‘நிறுவனக் கட்டடக்கலைச் சட்டகம்’, ‘நிறுவனக் கட்டுமான வரையறை’, ‘தொழிலகக் கட்டமைப்புச் சட்டகம்’. கட்டடக்கலை என்றால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கண்முன் வரும். வரையறை என்பது டெஃபினிஷன். தொழிலகம் என்றால் ஆலை. எதுவும் மனத்துக்கு ஒப்பவில்லை. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்.

மடல் 2

வணக்கம். சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துவிடுவோம்.

ஆர்க்கிடெக்சர் நிறுவனத்துக்குள் இருப்பது. எந்தப் பணி எந்த மென்பொருளில் நடக்கிறது, அந்த மென்பொருள் எந்தத் தரவைத் தொடுகிறது, அது எந்தச் சர்வரில் ஓடுகிறது, ஒன்றில் கை வைத்தால் வேறு எதெது ஆடும் என்ற பிணைப்புதான் அது. ஃபிரேம்வொர்க் வெளியிலிருந்து நாம் கொண்டுவரும் ஒழுங்கு. அந்தப் பிணைப்பைக் கண்டறியவும் வரையவும் மாற்றவும் உதவுவது. ஒரே ஃபிரேம்வொர்க்கை நூறு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டாலும் ஆர்க்கிடெக்சர் நூறு இருக்கும்.

ஃபிரேம்வொர்க்குகளும் ஒரே சாதி அல்ல. ஜான் சாக்மன் 1987இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் வெளியிட்டது ஒரு வகைப்பாட்டு அட்டவணை. என்ன, எப்படி, எங்கே என்று முதலில் மூன்று நெடுவரிசைகள். 1992இல் யார், எப்போது, ஏன் மூன்றும் சேர்ந்து ஆறாயின. இன்று புழங்கும் வடிவில் கிடைவரிசையும் ஆறு, ஆக 36 கட்டங்கள். எது எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று அது காட்டும். எதை முதலில் செய்வது என்று காட்டாது. தி ஓப்பன் குரூப் என்ற தரக் கூட்டமைப்பின் டோகாஃப் என்னும் ஃபிரேம்வொர்க் வேறு மாதிரி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டாஃபிம் என்னும் ஃபிரேம்வொர்க்கை அடியொற்றி 1995இல் வந்தது, 2022இல் பத்தாம் பதிப்பு கண்டது. அதன் உயிர்நாடி ஏடிஎம் (ஆர்க்கிடெக்சர் டெவலப்மென்ட் மெத்தட்) என்னும் செய்முறை. முன்னேற்பாட்டுக்குப் பின் ஏ முதல் எச் வரை எட்டுப் படிகள் சுற்றிவரும். தேவைகள் மேலாண்மை நடுவில் இருந்து எல்லாப் படியோடும் பேசிக்கொண்டிருக்கும்.

இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்டாவிட்டால் வேலையில் அடி விழும். சட்டத்தையும் உள்ளிருக்கும் படத்தையும் ஒன்றென்று நினைக்கும் குழு சாக்மன் அட்டவணையின் 36 கட்டத்தையும் நிரப்பி முடிப்பதே பணி என்று உட்கார்ந்துவிடும். கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது முதல் கட்டத்தில் எழுதியது பழசாகியிருக்கும். ஒரு முடிவும் அதைக் கொண்டு எடுத்திருக்க மாட்டார்கள். முதலில் கேள்வியை எழுத வேண்டும். ‘இந்தப் பழைய கணக்கு மென்பொருளை நிறுத்தினால் எந்தப் பணிகள் நிற்கும்?’ என்பது ஒரு நல்ல கேள்வி. அதற்கு விடை தரும் நான்கைந்து கட்டங்களை மட்டும் நிரப்பினால் போதும். டோகாஃபும் முன்னேற்பாட்டுப் படியிலேயே ‘உங்கள் நிறுவனத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொல்கிறது.

ஆகவே ஃபிரேம்வொர்க்குக்குச் ‘சட்டகம்’ என்பதே என் வாக்கு. ஆர்க்கிடெக்சருக்குக் ‘கட்டமைப்பு’ வேண்டாம். மாற்றுச் சொல்லை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

மடல் 3

> ஆர்க்கிடெக்சருக்குக் ‘கட்டமைப்பு’ வேண்டாம்.

உடன்படுகிறேன் ஐயா. சட்டகமும் சரி. ‘சட்டம்’ என்று நிறுத்தினால் நீதிமன்றம் நினைவுக்கு வரும். சட்டகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆர்க்கிடெக்சருக்குக் ‘கட்டமைவு’ என்று வைக்கலாம். காரணம் சொல்கிறேன். ‘அமை’ தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும் வேர். பிரிந்தது – பிரிவு, பிரித்தார் – பிரிப்பு. இணைந்தது – இணைவு, இணைத்தார் – இணைப்பு. அப்படியே அமைந்தது – அமைவு, அமைத்தார் – அமைப்பு. ஒருவர் செய்ததைச் சொல்ல -பு; தானாக ஆகி நிற்பதைச் சொல்ல -வு.

இப்போது ஆர்க்கிடெக்சரை விவரிப்பது எப்படி என்று சொல்லும் ஐஎஸ்ஓ 42010 என்ற பன்னாட்டுத் தரத்தைப் பாருங்கள். 2000இல் பொறியாளர் சங்கமான ஐஇஇஇயின் 1471ஆம் தரமாக வந்து, 2011இலும் 2022இலும் ஐஎஸ்ஓ தரமாகப் புதுப்பிக்கப்பட்டது. ஆர்க்கிடெக்சர் வேறு, ஆர்க்கிடெக்சர் டிஸ்கிரிப்ஷன் வேறு என்று அது கறாராகப் பிரிக்கிறது. யாரும் திட்டமிட்டிராத, ஒரு வரிகூட எழுதி வைத்திராத நிறுவனத்துக்கும் ஆர்க்கிடெக்சர் உண்டு, விவரிப்புதான் இல்லை. அமைந்து கிடப்பது கட்டமைவு, அதை எழுதி வைத்தது கட்டமைவு விவரிப்பு. நம் இலக்கணமே இந்த வேறுபாட்டை ஏந்தி நிற்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

கூட்டுச்சொற்களில் வைத்துச் சோதிப்போம். டேட்டா ஸ்ட்ரக்சரைத் ‘தரவுக் கட்டமைப்பு’ என்கிறோம். டேட்டா ஆர்க்கிடெக்சரையும் அப்படியே எழுதினால் நிரலில் தரவை அடுக்கும் வரிசை, அடுக்கு, மரம் பற்றிய பாடமா, நிறுவனத்தின் தரவு எங்கெங்கே பிறந்து எங்கெங்கே போகிறது என்ற வரைபடமா? தரவுக் கட்டமைவு, பயன்பாட்டுக் கட்டமைவு, தொழில்நுட்பக் கட்டமைவு என்றால் மோதல் இல்லை. ஆர்க்கிடெக்ட் ‘கட்டமைவாளர்’. வாயிலும் நன்றாகவே வருகிறது.

மடல் 4

வணக்கம். ஒரு மறுப்பு. கட்டமைவு, கட்டமைப்பு இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. அவசரத்தில் தட்டச்சு செய்பவர் பழகிய சொல்லையே அடித்துவிடுவார். கான்ஃபிகரேஷனையும் யாராவது கட்டமைவு என்று எழுதினால் இன்னொரு குழப்பம். ‘கட்டுக்கோப்பு’ நல்ல பழந்தமிழ்ச் சொல்லாயிற்றே, பரிசீலிக்கலாமே?

மடல் 5

> ‘கட்டுக்கோப்பு’ நல்ல பழந்தமிழ்ச் சொல்லாயிற்றே

அழகான சொல்தான் அம்மா, ஆனால் அதில் பாராட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கட்டுக்கோப்பான நிறுவனம்’ என்றாலே ஒழுங்காக நடப்பது என்று பொருள். ஒரே வாடிக்கையாளர் பெயரை ஐந்து இடத்தில் ஐந்து விதமாகச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. அதைக் கட்டுக்கோப்பு என்று எப்படிச் சொல்வது? கலைச்சொல் நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவாக நிற்க வேண்டும். கான்ஃபிகரேஷனுக்கு ‘உள்ளமைவு’ பரவலாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பைவிட உள்ளே வரும் சொற்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஸ்டேக்ஹோல்டரை, அதாவது திட்டம் யாரையெல்லாம் தொடுகிறதோ அவர்களை, ‘பங்குதாரர்’ என்று எழுதும் வழக்கத்தை இந்தக் கையேடாவது நிறுத்த வேண்டும். பங்குதாரர் பங்கு வைத்திருப்பவர். ஏடிஎம்மின் ஏ படியான தொலைநோக்கில் ‘பங்குதாரர் பட்டியல்’ என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தால் முதலீட்டாளரும் இயக்குநரும் மட்டும் வருவார்கள். இரவில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரும், அதே திரையில் நாள் முழுக்கப் பதிவு செய்பவரும், தணிக்கையாளரும் விடுபடுவார்கள். பிறகு செயலாக்கத்தின்போது எதிர்ப்பு அவர்களிடமிருந்துதான் வரும். 42010இல் ஸ்டேக்ஹோல்டரும் கன்சர்னும் ஒரு சோடி. கன்சர்ன் ‘கவலை’ அல்ல, ‘அக்கறை’. ஆகவே அக்கறை, அக்கறையாளர். ஒன்று வாயில் வந்தால் மற்றது தானே வரும்.

வியூபாயின்ட், வியூ இரண்டும் இன்னொரு சோடி. நிற்கும் இடம் ‘நோக்குநிலை’, அங்கிருந்து கண்ணில் படுவது ‘காட்சி’. பாதுகாப்பு நோக்குநிலை என்பது எந்தக் குறியீடு, எந்த விவரம், யாருடைய எந்த அக்கறைக்கு என்ற விதி. அதை ஒருமுறை எழுதி வைத்தால் பல திட்டங்களுக்கு ஆகும். காட்சி ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிது. இரண்டையும் ‘பார்வை’ என்று எழுதினால் விதியை எழுதாமலே படம் வரையத் தொடங்கிவிடுவார்கள். இருவர் வரைந்த அம்புக்குறிக்கு இரண்டு பொருள் இருக்கும்.

இன்று இருக்கும் நிலையைக் குறிக்கும் பேஸ்லைனுக்கு ‘இருப்புநிலை’ வேண்டாம். கணக்குத் துறையினர் இருப்புநிலைக் குறிப்பைத் தேடுவார்கள். ‘நிகழ்நிலை’யும் ஆகாது, அது ஆன்லைன். ‘நடப்பு நிலை’ என்று வைக்கலாம். நடப்புக் கணக்கு, நடப்பு ஆண்டு என்று பழகிய சொல்தானே. போய்ச் சேர வேண்டிய டார்கெட் ‘இலக்கு நிலை’. நடுவே வரும் டிரான்சிஷனுக்கு ‘மாறுநிலை’ என்பதைவிட ‘இடைநிலை’ மேல். அது ஓடிக்கொண்டிருக்கும் நிலை அல்ல. பணம் தீர்ந்தாலும் அங்கேயே நின்று நிறுவனம் வேலை பார்க்கக்கூடிய ஒரு படி.

இனி இந்த இரு நிலைகளையும் ஒப்பிடும் கேப் அனாலிசிஸ். ‘இடைவெளி ஆய்வு’ என்பதில் யாருக்கும் தகராறு இருக்காது, ஆனால் அட்டவணையின் உள்ளே போடும் சொல்லைக் கவனமாகத் தேர வேண்டும். நடப்பு நிலைக் கூறுகளைக் கீழ்நோக்கி எழுதுகிறோம், இலக்கு நிலைக் கூறுகளைக் குறுக்கே எழுதுகிறோம். கடைசியில் ஒரு நெடுவரிசை கூடுதலாக, அடியில் ஒரு கிடைவரிசை கூடுதலாக. சம்பளப் பட்டியல் இரண்டிலும் இருந்தால் சந்திக்கும் கட்டத்தில் ‘தொடர்கிறது’. கைப்பேசி வழி விடுப்பு விண்ணப்பம் இலக்கில் மட்டும் இருந்தால் அடிவரிசையில் ‘புதியது’, அதாவது வாங்க வேண்டும் அல்லது உருவாக்க வேண்டும். ஓய்வுபெற்றோர் பதிவேடு நடப்பில் இருக்கிறது, இலக்கில் காணோம்; அது கடைசி நெடுவரிசைக்குப் போகும். இங்கேதான் நின்று கேட்க வேண்டும்: வேண்டுமென்றே எடுத்தோமா, எழுத மறந்தோமா? முன்னது ‘நீக்கப்பட்டது’, பின்னது ‘விடுபட்டது’. ‘இல்லை’ என்று ஒரே சொல்லைப் போட்டால் மறதியும் முடிவாகப் பதிவாகிவிடும். பழைய மென்பொருளை அணைத்த பிறகுதான் அந்தப் பதிவேடு எங்கேயும் இல்லை என்று தெரியவரும். கையேட்டில் இந்த இரண்டு சொற்களையும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஒரு நிறுவனத்தால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லும் கேப்பபிலிட்டிக்கு ‘திறன்’ போதாது. ஸ்கில், பெர்ஃபாமன்ஸ், எஃபிஷியன்சி எல்லாம் அதில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இலங்கை நண்பர்கள் எழுதும் ‘இயலுமை’யை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் மேலாண்மை ஓர் இயலுமை. கொள்முதல் ஆணையைச் சரிபார்த்து அனுப்புதல் ஒரு செயல்முறை. அடுத்த ஆண்டு ஆணை அனுப்பும் விதம் மாறலாம், இயலுமை மாறாது.

மடல் 6

‘விடுபட்டது’, ‘நீக்கப்பட்டது’ இரண்டையும் அப்படியே சேர்த்துக்கொள்கிறோம் ஐயா. மிக்க நன்றி. என்டர்பிரைஸ் என்ற சொல் மிச்சம் இருக்கிறது. ‘நிறுவனம்’ என்றே வைத்துவிடலாமா?

மடல் 7

வைத்துவிடலாம், ஒரு நிபந்தனையோடு. டோகாஃபின் கணக்கில் என்டர்பிரைஸ் என்பது பொது இலக்குக்காகச் சேர்ந்து இயங்கும் அமைப்புகளின் தொகுதி. ஒரு துறை மட்டுமாகவும் இருக்கலாம். நிறுவனமும் அதற்குச் சரக்குத் தருபவர்களும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். நம் ‘நிறுவனம்’ பதிவுச் சான்றிதழோடு நின்றுவிடுகிறது. சம்பளப் பட்டியலை வெளியார் ஒருவர் தயாரித்துத் தருகிறார் என்றால், அவருடைய மென்பொருளை வரைபடத்தில் சேர்க்கத் தோன்றாது. தரவு போகும் அம்பு வெற்றிடத்தில் முடியும். ஆகவே முதல் பக்கத்திலேயே ‘இந்தக் கையேட்டில் நிறுவனம் என்பது…’ என்று எல்லை வரையுங்கள். ‘நிறுவனமளாவிய’ என்ற அடை என்டர்பிரைஸ்-வைடுக்கு இருக்கட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே எழுதிய பக்கங்களில் ‘கட்டமைப்பு’ என்பதைத் தேடி மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். உள்கட்டமைப்பு ‘உள்கட்டமைவு’ ஆகிவிடும், தரவுக் கட்டமைப்பும் கூடவே போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். புதிய சொல்லைத் தேடும்போது கடைசி உயிர்க்குறியை விட்டுவிட்டு ‘கட்டமைவ’ என்று தேடினால் கட்டமைவை, கட்டமைவில், கட்டமைவாளர் எல்லாம் சிக்கும். ‘நிறுவனக் கட்டமைவு’ என்று ஒருவரும் ‘நிறுவன கட்டமைவு’ என்று இன்னொருவரும் பதிந்தால், கட்டமைவு விவரங்களைச் சேமிக்கும் களஞ்சியக் கருவி அவற்றை இரண்டு பொருளாகக் கணக்கெடுக்கும். ஒற்று மிகும் வடிவத்தையே களஞ்சியத்தின் பெயர்ப் புலத்தில் வையுங்கள். ஒற்றில்லாததை மாற்றுப்பெயர்ப் புலத்தில் போட்டுவிடலாம்.

அன்புடன்.