பொண்ணுக்கு தைராய்டு கிரேடு 1னு எழுதிருக்காங்க, ஸ்கேன் எடுக்கணுமா?

கேள்வி: ஸ்கூல் கேம்ப்ல என் 9 வயசு பொண்ணு கழுத்த தொட்டுப் பாத்துட்டு தைராய்டு கிரேடு 1னு எழுதிக் குடுத்துருக்காங்க, பாத்தா வீக்கமே தெரியல, நல்லாத்தான் சாப்பிடறா ஓடறா ஆனாலும் மனசு கேக்கல. ஸ்கேன் எடுக்கணுமா?

பதில்: பயப்படாதீங்க சிஸ்டர். கிரேடுங்கறது கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி எவ்ளோ வீங்கிருக்குன்னு சொல்றது. கிரேடு 1ன்னா வீக்கம் கைக்குத் தட்டுப்படும், கழுத்து நேரா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அப்படித் தெரிஞ்சா அது 2. குழந்தையோட கட்டைவிரல் நுனிக் கணுவ விட தைராய்டோட ஒரு பக்க மடல் (சுரப்பிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு) பெருசா இருக்கான்னுதான் பாப்பாங்க. சின்னப் பசங்களுக்கு கைய வச்சு சொல்றது தப்பாப் போகலாம், அல்ட்ராசவுண்டுல ஒவ்வொரு மடலோட நீளம் அகலம் ஆழம் சென்டிமீட்டர்ல அளந்து பெருக்கி அத 0.479 ஆல பெருக்குவாங்க, ரெண்டையும் கூட்டினா மில்லிலிட்டர்ல சைஸ் வரும், அத வயசு, உடம்பு அளவோட ஒப்பிடணும்.

பதில்: சைஸ் மட்டும் பத்தாதுங்க. முதல்ல ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் டெஸ்ட் டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4, கூடவே தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கான்னு காட்டுற ஆன்டி டிபிஓ பாத்துருங்க, உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்குற ஹாஷிமோட்டோ நோயாலயும் வீங்கும். முக்கியமா உயரம் வருசா வருசம் ஏறுதான்னு பாருங்க, தைராய்டு கம்மியானா வளர்ச்சிதான் முதல்ல நிக்கும்!

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. வீட்ல கல்லுப்புதான், அதனாலயா?

பதில்: அயோடின் சேக்காத உப்புன்னா இருக்கலாம், பாக்கெட்ட பாருங்க. இந்த வயசுக்கு தினம் 120 மைக்ரோகிராம் வேணும். ஆனா நீங்களா அயோடின் மாத்திரை குடுத்துராதீங்க, குழந்தைகள் டாக்டர்ட்ட காட்டிட்டு செய்ங்க.