124ஏ: வ.உ.சி.யை உள்ளே தள்ளியது சட்டமா, சர்க்காரா?

தாமிரபரணி:
வ.உ.சி. பிறந்தநாள் வந்தால் ஒரு படம் சுற்றிவரும். ஒரு செக்கு, பக்கத்தில் அவர் முகம், கீழே "தேசத்துரோகக் குற்றத்துக்கு நாற்பது ஆண்டுச் சிறை" என்று ஒரு வரி. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. எந்த தேசத்துக்கு அவர் துரோகம் செய்தார்? 2024-ல் விலக்கப்படும் வரை இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவில் தேசம் என்ற பேச்சே கிடையாது. "சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம்" என்றுதான் இருந்தது. அந்த அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு வெறுப்பு, அவமதிப்பு, அப்ரீதி ஊட்டினால் குற்றம். அப்ரீதி என்றால் பிரியம் இல்லாமை. வெள்ளைக்காரன் மேல் பிரியம் வராமல் பேசினார் என்பதற்காக ஒரு மனிதருக்கு இரண்டு ஆயுள் தண்டனை. அதைக் கூட்டித்தான் நாற்பது என்கிறோம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1908 திருநெல்வேலி வழக்கு வழக்கே அல்ல, நாடகம். அந்தச் சட்டத்தில் மாட்டினவன் தப்பவே முடியாதபடி எழுதி வைத்திருந்தார்கள். கப்பல் ஓட்டியதற்கும் கோரல் மில் வேலைநிறுத்தத்தை ஜெயித்துக் கொடுத்ததற்கும் தண்டனை. பேச்சு ஒரு சாக்கு.

பழைய வக்கீல்:
தம்பி, முதல் பத்திக்கு என் ஓட்டு. தேசத்துரோகம் என்பது பத்திரிகைக்காரர்கள் பரப்பிய தவறான பெயர். ராஜத்துரோகம், ராஜநிந்தனை என்ற பழைய பெயர்கள்தான் பொருத்தம். அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பதற்கு 121 என்று தனிப் பிரிவே இருந்தது. அதற்குத் தூக்கு வரை உண்டு.

ஆனால் "தப்பவே முடியாது" என்பதை ஏற்க மாட்டேன். 1891-ல் கல்கத்தாவில் 'பங்கபாசி' பத்திரிகை மேல் இதே பிரிவில் வழக்கு. ஜூரர்கள் ஒருமனதாக வரவில்லை, கடைசியில் வழக்கையே கைவிட்டார்கள். 1907-ல் 'வந்தே மாதரம்' வழக்கில் அரவிந்தர் விடுதலை ஆனார், அவர்தான் ஆசிரியர் என்று சர்க்காரால் நிரூபிக்க முடியவில்லை. 1916-ல் திலகரிடம் நன்னடத்தை ஜாமீன் கேட்டு மாஜிஸ்ட்ரேட் போட்ட உத்தரவை பம்பாய் ஹைகோர்ட் ரத்து செய்தது; அவருக்காக வாதாடியவர் ஜின்னா. வ.உ.சி.க்கே மேல்முறையீட்டில் ஆறு வருஷமாகக் குறைந்தது. நாடகத்தில் இதெல்லாம் நடக்குமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். வழக்கே போடாமல் ஆளைத் தூக்க அவர்களிடம் 1818-ஆம் வருஷத்து மூன்றாம் ரெகுலேஷன் இருந்தது. 1907-ல் லாலா லஜபதி ராயை அதன்படிதான் பர்மாவின் மாண்டலேக்கு நாடு கடத்தினார்கள். குற்றச்சாட்டும் இல்லை, கோர்ட்டும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் 124ஏ-யில் கூண்டில் ஏறி வாயைத் திறக்கவாவது முடிந்தது.

செக்கடித் தெரு:
வாயைத் திறந்ததற்குத்தானே கூண்டில் ஏற்றினார்கள் :)

தாமிரபரணி:
வக்கீல் ஐயா, நீங்கள் சொன்ன விடுதலைகளையே எடுத்துக்கொள்வோம். அரவிந்தர் வெளியே வந்தார், சரி. அச்சிட்டவர் உள்ளே போனார். அந்த வழக்கில் சாட்சி சொல்ல மாட்டேன் என்ற பிபின் சந்திர பாலுக்கு ஆறு மாதம். அவர் 1908 மார்ச் 9-ல் விடுதலையாகும்போது தூத்துக்குடியிலும் நெல்லையிலும் கொண்டாட வேண்டும் என்று வ.உ.சி. கிளம்பியதுதான் இங்கே கைதுக்கு உடனடிக் காரணம். மார்ச் 12-ல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் உள்ளே. மறுநாள் நெல்லை கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். ஒரு பத்திரிகை மேல் போட்ட வழக்கு எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

'பங்கபாசி' வழக்கில் அன்றைய தலைமை நீதிபதி வெறும் கண்டனம் வேறு, பகைமூட்டுவது வேறு என்று ஓரளவு பிரித்துக் காட்டினார். ஆறே வருஷம். 1897-ல் திலகரின் முதல் வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி ஜூரர்களிடம், அப்ரீதி என்றால் பிரியம் இல்லாமைதான் என்றார். வெறுப்பு, பகை, அவமதிப்பு, எல்லா விதமான கெட்ட எண்ணமும் அதில் அடக்கம் என்றும் விரித்தார். ஜூரர்கள் ஒன்பது பேர். ஆறு ஐரோப்பியர், மூன்று இந்தியர். தீர்ப்பு ஆறுக்கு மூன்று. பதினெட்டு மாதம் கடுங்காவல். மறு வருஷமே, 1898-ல், ஸ்ட்ராச்சி சொன்ன பொருளைச் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். பிரிவினருக்கிடையே பகை மூட்டுவதைக் குற்றமாக்கிய 153ஏ-வும் அப்போது வந்ததுதான். இதை எப்படி ஐயா நியாயமான பந்தயம் என்பது? ஒருமுறை கோல் விழாமல் போனால் கம்பத்தை நகர்த்தி வைக்கிறார்கள்.

பழைய வக்கீல்:
கம்பத்தை நகர்த்தியது உண்மை. 1898 திருத்தத்தை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. 1870-ல் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தபோது இருந்த வாசகம் இதைவிடக் குறுகலானது. மெக்காலேயின் 1837 வரைவிலேயே இருந்த பிரிவு, 1860-ல் சட்டம் நிறைவேறும்போது விடுபட்டுப்போயிற்று. பத்து வருஷம் அது இல்லாமலேயே ஆண்டார்கள். அதுவும் 1857-ஐப் பார்த்த கையோடு. வேடிக்கைதான்.

நான் சொல்வது வேறு. சட்டம் வேறு, அதைக் கையில் எடுத்தவன் வேறு. 124ஏ-க்கு விளக்கங்கள் இருந்தன: அரசின் நடவடிக்கைகளைச் சட்டப்படி மாற்றக் கோரி, பகை மூட்டாமல் கண்டித்தால் குற்றமில்லை. வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும், தாலுகா போலீஸ்காரன் நினைத்த மாத்திரத்தில் போட முடியாது. இதையெல்லாம் ஒரு நல்ல நீதிபதி பயன்படுத்தியிருக்கலாம். 1942-ல் மாரிஸ் க்வயர் தலைமையில் ஃபெடரல் கோர்ட் அதைத்தான் செய்தது: பொது அமைதி கெட வேண்டும், அல்லது கெடுவதற்கான நியாயமான வாய்ப்பாவது இருக்க வேண்டும், சர்க்காரின் மனம் புண்பட்டது என்பதெல்லாம் போதாது என்று.

தாமிரபரணி:
1947-ல், அப்போது கடைசி மேல்முறையீடு போன லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தப்பு என்று சொல்லிவிட்டதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிரிவில் எழுதியிருக்கிறபடி பார், அமைதி கெட வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது என்றது. வாசகத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அதுதான் என் புகாரே. நல்ல நீதிபதி வந்தால் சட்டத்தில் இல்லாததைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. உள்ளதை உள்ளபடி படித்தால், வ.உ.சி.க்குத் தண்டனை கொடுத்த திருநெல்வேலி நீதிபதி பின்ஹே.

அரசின் முன் அனுமதியைப் பாதுகாப்பு என்கிறீர்கள். என்னைத் திட்டினான் என்று புகார் சொல்பவனே வழக்குப் போடலாமா என்று அனுமதியும் தருவான். இது என்ன பாதுகாப்பு?

கிள்ளான்வாசி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மலேசியாவில் இருக்கிறேன். பிரிட்டிஷ்காரர்கள் 1948-ல் இங்கே போட்ட நிந்தனைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதில் பேசியவரின் நோக்கம் முக்கியமே இல்லை. பேச்சுக்கு "நிந்தனைப் போக்கு" இருந்தால் போதும். உங்கள் 124ஏ-யில் ஊட்டினான், ஊட்ட முயன்றான் என்றாவது காட்ட வேண்டியிருந்தது. அந்த வகையில் வக்கீல் ஐயா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதைவிட மோசமாகவும் எழுத முடியும். பேசியது உண்மை என்பது மட்டும் இரண்டு இடத்திலும் தற்காப்பு ஆகாது.

செக்கடித் தெரு:
உண்மை பேசினால் இன்னும் அதிகமாக அல்லவா பிரியம் போகும்!

நான் கேட்க நினைத்தது வேறு. பேச்சு தமிழில். நீதிபதி வெள்ளைக்காரர். என்ன பேசினார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

தாமிரபரணி:
நல்ல கேள்வி. போலீஸ்காரர்கள் கூட்டத்தில் நின்று எழுதிய குறிப்பு, அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அதன் மேல் தீர்ப்பு. கடற்கரையில் ஒருவர் மணிக்கணக்கில் பேசுகிறார். கேட்டு எழுதுகிறவர் கையில் எவ்வளவு நிற்கும்? 1908-ல் பம்பாயில் திலகருக்கும் இதே தொல்லை. மராத்திக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பு எங்கெங்கே பிசகு என்று கோர்ட்டில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் காட்டினார். தனக்குத் தானே வாதாடி 21 மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார். தீர்ப்பு ஏழுக்கு இரண்டு, ஆறு வருஷம் மாண்டலே. தீர்ப்பளித்த தாவர், 1897-ல் அதே திலகருக்கு ஜாமீன் வாங்க வக்கீலாக நின்றவர். கையில் எடுத்தவனைப் பொறுத்தது என்றால், இவரைவிட வேறு ஆள் வேண்டுமா ஐயா?

பழைய வக்கீல்:
தாவர் விஷயத்தில் அடி பலமாகத்தான் விழுகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நெல்லை வழக்கை வெறும் கப்பல் பழிவாங்கல் என்று சுருக்குவது வ.உ.சி.க்கே செய்யும் குறை. அவர் பேசியது சாதாரணப் பேச்சு அல்ல. அந்நிய ஆட்சி போக வேண்டும் என்றார். எந்த அரசும் கவலைப்பட்டிருக்கும். பேச்சு ஒரு சாக்கு என்றால் அந்தப் பேச்சுக்கு வலிமையே இல்லை என்று ஆகிவிடாதா?

முத்துநகர்:
தூத்துக்குடிக்காரன் என்ற உரிமையில் கப்பல் பக்கம் ஒரு வார்த்தை. சுதேசிக் கம்பெனி 1906-ல் தொடங்கியது. மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் பங்கு நாற்பதாயிரம். போட்டிக்கு பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அப்புறம் கொழும்புக்கு இலவசம், மேலே ஒரு குடையும் தருகிறேன் என்றது. வியாபாரத்தில் முடிக்க முடியாததை 124ஏ முடித்தது. வ.உ.சி. உள்ளே போனதும் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஆள் இல்லை. 1911-க்குள் கதை முடிந்தது. கம்பெனியின் மேல் வழக்கே கிடையாது, கவனியுங்கள். அதனால் நான் இரண்டு பேருக்கும் நடுவில்: பேச்சுக்குத்தான் தண்டனை, லாபம் மட்டும் கப்பல்காரனுக்கு.

இன்னொன்று. அப்போது இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி ஜான் மார்லி லண்டனிலிருந்து வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதியது. திருநெல்வேலிக்காரர்கள் இரண்டு பேருக்குக் கொடுத்த தண்டனையை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்றார். அளவுக்கு மீறிய கடுமை ஒழுங்குக்கு வழி அல்ல, வெடிகுண்டுக்கு வழி என்றும் எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சிநாதன் சுட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவர் கடிதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் மார்லியின் வரி எனக்கு மறப்பதில்லை.

செக்கடித் தெரு:
பாரதி இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? அவர் பாண்டிச்சேரிக்குப் போனதைச் சிலர் ஓடிப்போனார் என்று எழுதுகிறார்களே.

தாமிரபரணி:
வ.உ.சி.க்காக நெல்லை கோர்ட்டில் சாட்சி சொன்னவர் அவர். 'இந்தியா' பத்திரிகையை எழுதியது பாரதி, ஆசிரியர் என்று பதிவில் கையெழுத்துப் போட்டிருந்தவர் எம். சீனிவாசன். 124ஏ பார்த்தது கையெழுத்தை. சீனிவாசனுக்கு ஐந்து வருஷம். பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் போனார், பத்து வருஷம் கழித்து 1918-ல் வெளியே காலை வைத்ததும் கடலூரில் கைது. ஓடிப்போனார் என்பவர்கள் சென்னையிலேயே இருந்து ஐந்து வருஷம் உள்ளே உட்கார்ந்தபடி அவர் எழுதியிருக்கக்கூடிய கவிதைகளைச் சொல்லட்டும். எனக்கு வருத்தமெல்லாம் சீனிவாசனை யாரும் நினைப்பதில்லை என்பதுதான்.

கிள்ளான்வாசி:
காங்கிரஸ்காரர்கள் மேல் மட்டும்தான் இது பாய்ந்ததா?

முத்துநகர்:
இல்லை. காங்கிரஸை விட்டு வெளியே வந்து பல வருஷம் ஆன பெரியார் மேலும் பாய்ந்தது. 1933 அக்டோபரில் 'குடிஅரசு' தலையங்கம், "இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும்?" என்று. அவரோடு பதிப்பாளரான அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை போனார்.

பழைய வக்கீல்:
சரி, கடைசியாக ஒன்று. வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது வக்கீல் தொழில் நடத்தும் உரிமமான சன்னது பறிபோயிருந்தது. கோயம்புத்தூர் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்த மனிதர். அந்தச் செக்கு இப்போது கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள், அந்தக் கல்லின் கனம் தெரியும். வெளியே வந்து பிழைக்க வழியில்லாமல் திண்டாடினார். பிறகு அவருக்குச் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. அந்த அமைப்புக்குள்ளும் மனிதர்கள் இருந்தார்கள் என்று அவரே நினைத்திருக்கிறார். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

தாமிரபரணி:
வாலஸ் நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, சன்னதை எடுத்தது சட்டம், கொடுத்தது வாலஸ். மகனுக்குப் பெயர் வைக்கும்போது வ.உ.சி. மனிதரின் பெயரைத்தானே வைத்தார்?

பழைய வக்கீல்:
இதற்கு நாளைக்குப் பதில் எழுதுகிறேன்.

செக்கடித் தெரு:
வாய்தா வாங்கிவிட்டார் :)