தொகுமுறை வகுத்தல்: மீதி சுழியம் வந்தும் 5-க்கு 1 தானா?

தறிக்காரன்:
மகள் ஒன்பதாம் வகுப்பு. தேர்வில் வந்த கணக்கு: ஒரு செவ்வக நிலத்தின் பரப்பு 2ம³ + ம² + 4ம − 15. அகலம் 2ம − 3. நீளம் என்ன? (போனில் தமிழ் விசைப்பலகைதான், அதனால் மாறியை ம என்று போட்டுவிட்டேன்.) தொகுமுறை வகுத்தலில் (மாறியை விட்டுவிட்டு எண்களை மட்டும் வைத்து வகுக்கும் குறுக்கு வழி) போட்டாள், மீதி சுழியம் வந்தது. நீளம் 2ம² + 4ம + 10 என்று எழுதினாள். ஐந்துக்கு ஒரு மதிப்பெண். அழுதுகொண்டு வந்தாள். இது நியாயமா?

டியூஷன் அக்கா:
நியாயம்தான் சார், கோபப்படாதீர்கள். கெழுக்கள், அதாவது உறுப்புகளின் முன்னால் இருக்கும் எண்கள், 2, 1, 4, −15. 2ம − 3 = 0 என்றால் ம = 3/2; இடப்பக்கம் அதைப் போட்டு இறக்கினால் கீழே 2, 4, 10, 0. அதுவரை பாப்பா போட்டது சரி. ஆனால் 3/2 போட்டதும் அவள் வகுப்பது 2ம − 3 ஆல் இல்லை, ம − 3/2 ஆல். வகுத்தி பாதியானால் ஈவு இரண்டு மடங்காகும். கடைசியில் 2 ஆல் வகுத்து ம² + 2ம + 5 என்று எழுதியிருக்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடமே இதுதான். அதனால் வகுத்தியில் ம-வுக்கு முன்னால் எண் இருந்தால் நீள் வகுத்தல்தான் போடச் சொல்வேன்.

பழைய பெஞ்சு:
அக்கா, ஒரு வரி மறந்ததற்கு நாலு மதிப்பெண் வெட்டா? மூன்றாவது கொடுத்திருக்கலாம். நீள் வகுத்தல் மட்டும் என்ன, தப்பே வராதா? 2ம³ + ம² இலிருந்து 2ம³ − 3ம² ஐக் கழிக்கும்போது 4ம² வர வேண்டும். குறியை மாற்ற மறந்து −2ம² எழுதாத பிள்ளை உண்டா? இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இந்தக் குறுக்கு வழியை ரஃபினி விதி என்று பேர் சொல்லியே பள்ளியில் நடத்துகிறார்கள்.

டியூஷன் அக்கா:
நடத்தட்டும் தம்பி. குறியில் தப்பு விட்டால் கடைசியில் மீதி தொங்கும், பிள்ளை திரும்பிப் பார்க்கும். இங்கே மீதி 0 என்று வந்து நிற்கிறது. எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறாள். அதுதான் எனக்குப் பயம். மதிப்பெண்ணில் வேண்டுமானால் உங்கள் பக்கம் வருகிறேன், இரண்டு கொடுத்திருக்கலாம்.

அளவுகோல்:
கணக்கே கோணல் என்று யாரும் சொல்லவில்லையே! ம மீட்டர் என்றால் ம³ கன மீட்டர் ஆகாதா? பரப்பில் அது எப்படி வரும்?

பழைய பெஞ்சு:
ம வெறும் எண் சார், மீட்டர் இல்லை. 3/2-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலத்துக்கு அகலமே இருக்காது. வினாத்தாளில் அதைச் சொல்லாதது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.
தறிக்காரன் சார், பாப்பாவிடம் ம = 10 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பரப்பு 2000 + 100 + 40 − 15 = 2125. அகலம் 17. சரியான நீளம் 125. 17 × 125 = 2125, கச்சிதம்.

தறிக்காரன்:
வைத்துப் பார்த்தாள். அவள் விடைக்கு நீளம் 250, பரப்பு 4250. “அய்யோ, அப்படியே டபுள்” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடலாம் என்றிருந்தேன், அவளே வேண்டாம் என்கிறாள்.

டியூஷன் அக்கா:
2 ஆல் வகுக்காமல் விட்டால் டபுள்தானே வரும்! சரி, அடுத்த கணக்கு போடச் சொல்லுங்கள்: 3ம³ − 2ம² − 8 ஐ ம − 2 ஆல். ம உறுப்பு இல்லை, அந்த இடத்தில் 0 வைக்க மறக்கிறாளா என்று பார்ப்போம்.